சாக்கு போக எடை

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, அரசு மகப்பேறு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் பிறந்த பெண் குழந்தைக்கு எடை இல்லை. நீளம் நாற்பத்தொன்பது சென்டிமீட்டர், அழுகை சரி, நிறம் சரி, எடை பூஜ்யம். நர்ஸ் குழந்தையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு ஒரு மருந்துப் பெட்டியை வைத்துப் பார்த்தார். எண்ணூறு கிராம் காட்டியது. பக்கத்து வார்டிலிருந்து வேறொரு தராசு வந்தது, குழந்தைகள் பிரிவிலிருந்து மூன்றாவதும் வந்தது. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னதால் நர்ஸ் எடைக் கட்டத்தில் சிறிய கோடு ஒன்றைப் போட்டுவிட்டு, குழந்தை காற்றில் போய்விடாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். வெயில் காலம் என்பதால் மற்ற தாய்மார்கள் இதற்கு முணுமுணுத்தார்கள்.

பெற்றவள் ஒரு சரக்குக் கிடங்கில் எடை போடுகிறவள். பதினோரு வருடமாக அதே வேலை. மூட்டை மேடையில் ஏறும். அவள் எடையைப் படிப்பாள். சாக்குக்கு உண்டானதைக் கழிப்பாள். மீதியைச் சீட்டில் எழுதி மூட்டையின் வாயில் செருகுவாள். கிடங்கில் எல்லோருக்கும் அவள் எடைக்காரிதான். தினமும் காலையில் முதல் மூட்டைக்கு முன்னால் அவளே மேடையில் ஏறி நிற்பாள். ஐம்பத்திரண்டு கிலோ நானூறு கிராம் காட்டினால் தராசு சரி. வேறெதையாவது காட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிட ஆள் போகும். தராசு பொய் சொல்லும், எடைக்காரி சொல்ல மாட்டாள் என்பது மேஸ்திரியின் வாக்கு. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மாதங்களில் மட்டும் இந்தச் சோதனைக்கு ஓர் எடைக்கல்லை வைத்துச் சமாளித்தார்கள். குழந்தையின் தகப்பன் ஒரு லாரி டிரைவர். நான்காம் மாதம் வேறு தடத்துக்கு மாற்றிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. அவனைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

குழந்தையைக் கொடுத்துவிடுவது என்று அவள் மூன்றாம் நாள் முடிவெடுத்தாள். அதற்கு முன்னால் அப்படி நினைத்திருக்கவில்லை. இரண்டு சட்டைகள்கூட வாங்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தாள். மடியில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது, ஆனால் அது பார்த்தது, கொட்டாவி விட்டது. அவளுடைய அம்மா அதே கிடங்கில் சாக்கு தைத்தவள். ஏழு வயது வரை எடைக்காரி அங்கே மூட்டைகளின் மேல் தூங்கி வளர்ந்திருந்தாள். எட்டு மணியிலிருந்து ஆறு மணிவரை அங்கே நிற்கிற ஒருத்தியின் குழந்தை எங்கே இருக்கும் என்பதை அவள் யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. தத்து அலுவலகத்தின் அதிகாரி, கண்டிப்பும் களைப்புமான ஓர் அம்மாள், கட்டிலருகே வந்து உட்கார்ந்து காரணம் கேட்டபோது இதைத்தான் சொன்னாள்.

"என்கிட்ட இருந்தாலும் வளரும் மேடம். ஆனா நான் தலையைத் தூக்கிப் பார்க்கிறப்பல்லாம் ஏதாவது மூட்டை மேலதான் கிடக்கும்."

அதிகாரி விதிகளைச் சொன்னார். மனம் மாறுவதற்கு அறுபது நாள் அவகாசம். அதற்குப் பிறகு கையெழுத்து. கையெழுத்துக்குப் பிறகு குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்வரை பார்க்கவோ விசாரிக்கவோ முடியாது. குழந்தை காப்பகத்துக்குப் போனது. அங்கே அதன் தொட்டிலைச் சுற்றிலும் கொசுவலையை இழுத்துக் கட்டினார்கள், கொசுவுக்காக அல்ல.

நாற்பதாம் நாள் எடைக்காரி வேலைக்குத் திரும்பினாள். உடம்பு பழையபடி வற்றியிருந்தது, பழைய ரவிக்கை சற்றுத் தொளதொளவென்றே நின்றது. மேடையில் ஏறினாள். ஐம்பத்தாறு கிலோ ஐந்நூறு. மெக்கானிக் வந்து தராசில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் இன்னும் இருநூறு கிராம் ஏறியிருந்தது, மெக்கானிக் மறுபடி வந்து அதையே கொஞ்சம் கோபமாகச் சொன்னார். எடைக்காரிக்கு அதற்குள் விஷயம் புரிந்திருந்தது. சரக்கு தொலையவில்லை, வேறு வண்டியில் ஏறியிருக்கிறது.

அவள் அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அண்ணன் பஸ்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். வீட்டில் பேசுவது அண்ணிதான். இந்தச் செய்தி தெரிந்ததும் அண்ணி துணி மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "சுமந்தவளை விட்டுப் போக மாட்டேங்குது பாரு. அது உன்னைக் கூப்பிடுது. போய்த் தூக்கிட்டு வா." நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம் என்று எடைக்காரி பல வருடம் கழித்து ஒரு முறை சொன்னாள், குறையாக அல்ல. அப்போது அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு தன்னையே சோதித்துப் பார்த்தாள். மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் இரண்டு தடவை அழுதாள். பால் கட்டி நெஞ்சு வலித்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் கேட்டுப் பார்த்ததில் பதில் மாறவில்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. குழந்தைக்காக ஆறு வருடம் காத்திருந்த ஒரு தம்பதி இருந்தார்கள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மனைவி நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். குழந்தையைக் கையில் வாங்கிய கண்ணாடிக் கடைக்காரர் எடை பின்னால் வந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். மனைவி அதற்கு மேல் அவரைப் பேசவிடவில்லை. "தண்ணியில எல்லாருமே இப்படித்தாங்க," என்றார். அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, கம்ப்யூட்டருக்கு இருந்தது. எடைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டால் அது கோப்பை ஏற்கவில்லை. அறுபதாம் நாளுக்குள் எடை ஏறாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும், குழந்தை பெற்றவளிடம் திரும்பும்.

ஐம்பத்தெட்டாம் நாள் அதிகாரி எடைக்காரியை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். இத்தனை வருட வேலையில் அவர் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறார். கடைசி வாரத்தில் பெற்றவர்களுக்கு ஏதாவது ஒரு தடங்கல் முளைக்கும். குழந்தையின் எடை தன்னிடம் இருப்பதாக இவள் சொன்னதையும் அவர் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்.

"இதோ பாரும்மா, மனசு மாறிட்டா நேரா சொல்லு. அது உன் உரிமை, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. எடை அங்க இருக்கு, இங்க இருக்குன்னு சாக்கு மட்டும் சொல்லாதே."

"சாக்கு ஐம்பத்திரண்டு நானூறு மேடம்," என்றாள் எடைக்காரி.

வேறொருத்தியாக இருந்தால் அந்தச் சொல்லை அப்படிக் கேட்டிருக்க மாட்டாள். அதிகாரி இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு பேனாவை மூடினார். பக்கத்து மேஜை குமாஸ்தா சிரித்துவிட்டு, அப்புறம் சிரிப்பதை நிறுத்தினார். தான் கேலி பேசவில்லை என்பதை எடைக்காரி உணர்த்த வேண்டியிருந்தது. மேஜையில் கிடந்த துண்டுக் காகிதத்தில், மூட்டைக்கு எழுதுவதுபோல், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினாள்.

"நான்தான் மேடம் சாக்கு. என்னைக் கழிச்சா மீதி நிக்கிறது குழந்தை."

மறுநாள் காலை அதிகாரியும் காப்பக மருத்துவரும் கிடங்குக்கு வந்தார்கள். மேஸ்திரி மேடையைத் தானே துடைத்தார். ஈரச் சாக்கு எடையைக் கூட்டிக் காட்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த மோசடி. ஆகவே அவர், "சாக்குல ஈரம் இல்லை மேடம், அதுக்கு நான் கேரன்டி," என்றார். சுமைதூக்கிகள் சிரித்தார்கள், எடைக்காரியும் சிரித்தாள். மொத்த எடை ஐம்பத்தேழு ஐந்நூறு, சாக்கு ஐம்பத்திரண்டு நானூறு, நிகர எடை ஐந்து கிலோ நூறு. இரண்டு மாதக் குழந்தைக்கு அது சரியான எடைதான் என்று மருத்துவர் சொன்னார். அதிகாரி சீட்டில் முத்திரை வைத்துவிட்டு, மற்றவர்களைச் சற்று எட்டிப் போகச் சொல்லி, கடைசியாக ஒரு முறை கேட்டார். எடை இவளிடம் இருக்கிறது. அப்படியிருக்கக் குழந்தையைக் கொடுப்பதில் இவளுக்குச் சம்மதம்தானா?

"எடை என்கிட்டயே இருக்கட்டும். குழந்தையை அவங்க பார்த்துக்கட்டும்."

அறுபதாம் நாள் பதினொன்றரை மணிக்குக் கையெழுத்தானது. அலுவலகத்துக்கு எதிரேயிருந்த பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

கோப்புக்கு மாதம் ஓர் எடை தேவைப்பட்டதால் கிடங்கிலிருந்து மாதம் ஒரு சீட்டு போனது. அலுவலகம் அதைத் தம்பதிக்கு அனுப்பியது. யார், எங்கே என்பது எடைக்காரிக்குச் சொல்லப்படவில்லை, ஆனால் அவள் அறிய வேண்டியது காலையில் மேடையில் ஏறினால் தெரிந்தது. பள்ளி திறந்த மாதம் குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாவது வயதில் நான்கே நாளில் தொள்ளாயிரம் கிராம் இறங்கியது. அந்த வாரம் எடைக்காரி யாரும் கேட்காமலே தினம் ஒரு சீட்டு அனுப்பினாள். ஆறாவது நாள் அலுவலகத்திலிருந்து, அனுப்பியவர் பெயர் மை பூசி மறைக்கப்பட்ட ஒரு துண்டுக் காகிதம் வந்தது: காய்ச்சல் விட்டது, சாப்பிடுகிறாள். மறுநாள் நூற்றைம்பது கிராம் ஏறியிருந்தது.

அந்தப் பக்கம் கண்ணாடிக் கடைக்காரர் பத்து வயதுவரை மகளை ஒரு கையில் தூக்கிக்கொண்டே தெருவெல்லாம் போனார், கை வலித்ததில்லை. காற்றடிக்கிற மாதங்களில் பள்ளிப் பையில் கண்ணாடி தீட்டும் கல் இரண்டு வைத்து அனுப்பினார். விளையாட்டுத் திடலின் ஏற்ற இறக்கப் பலகையில் எதிரே உட்காரும் பிள்ளைகள் மட்டும் சண்டைக்கு வந்தார்கள். இந்தப் பக்கம் எடைக்காரி பார்ப்பதற்கு ஒல்லியாகவே இருந்தாள், ஆனால் அண்ணன் வீட்டில் அவளுடைய கட்டில் இரண்டு தடவை முறிந்தது. ஆட்டோக்காரர்கள் முதலில் அவளையும் பிறகு டயரையும் பார்த்தார்கள். சிமென்ட் காயாத நடைபாதையில் ஒரு தடவை மிதித்துவிட்டு, நகராட்சிக்காரர்களிடம் இது ஒரே ஆளின் கால்தான் என்று நம்பவைக்க அவள் பட்ட பாடு பெரிது. முழங்கால் நாற்பத்தைந்து வயதில் வலிக்கத் தொடங்கியது.

பதினெட்டு முடிந்த மாதம் பெண் கோப்பைத் திறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, முகவரி வாங்கி, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கிடங்குக்கு வந்தாள். மேஸ்திரி யார் வேண்டுமென்று கேட்டார். பெண் பையைக் கீழே வைத்துவிட்டு மேடையில் ஏறி நின்றாள். பூஜ்யம். மேஸ்திரி உள்ளே போய் எடைக்காரியை அனுப்பினார்.

பெண் தன் எடையைச் சீட்டில்தான் பார்த்திருக்கிறாளே தவிர தராசில் பார்த்ததில்லை. பார்க்கலாமா என்று கேட்டாள். எடைக்காரி மேடையில் ஏறினாள், சரியாக நூறு கிலோ. பெண் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள்.

"நாற்பத்தேழு அறுநூறா? போன மாசத்துக்கு ஒரு கிலோ கூடிட்டேனே."

"ஹாஸ்டல் சாப்பாடா?"

"ஆமா. ரொம்ப மோசம், ஆனா நிறையப் போடறாங்க." எடைக்காரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்குவதைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை நான் திருப்பி வாங்கிக்கணுமா?"

எப்படி என்று தனக்குத் தெரியாது என்றாள் எடைக்காரி. தெரிந்தாலும் அவசரமில்லை, வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம். பெண் கொஞ்சம் யோசித்தாள். செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை செய்யும் பயிற்சியில் சேர்ந்திருப்பதாகவும், இப்போதைக்கு இப்படியே இருப்பது வசதி என்றும் சொன்னாள். எதற்காகக் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள், எடைக்காரி மருத்துவமனையில் சொன்னதையே சொன்னாள். பெண் கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்த மூட்டைகளின் மேல் என்று கேட்டாள். காட்டினாள். இருவரும் டீ குடித்தார்கள். நாலு மணி பஸ்ஸுக்குப் பெண் கிளம்பினாள், பையை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் எடைக்காரியின் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் உடல் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். குறைக்க முடியாது, பாதி வேறொருவருடையது என்று அவள் சொன்னாள். மருத்துவர் சீட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, நூற்றிருபது கிலோ தாங்கும் செயற்கை மூட்டாக வரவழைத்து வைத்தார். ஒன்பதாவது வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள்.