சம்பந்தி வீட்டைக் கடக்கும் வரை

மார்கழி பிறந்த நாலாம் நாள் காலையில் திருநாவுக்கரசு பாதி வழியில் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டார். முழங்கால் இரண்டும் பனிக்காற்றில் விறைத்துப்போய் மிதிக்க மறுத்தன. பென்னலூர் வீட்டிலிருந்து அவர் எடைமேடையில் வேலை பார்க்கும் வார்ப்புத் தொழிற்சாலைக்கு ஏழு மைல். ஐம்பத்து நான்கு வயதிலும் தூரம் அவருக்குப் பெரிதல்ல. குளிர்தான் ஆளைக் கெடுத்தது.

தொழிற்சாலையில் கொடுத்த காக்கிக் கால்சட்டையை அவர் அங்கேயே வைத்துவிட்டு வருவார். மணியக்காரர் மகன் தெருவில் வேட்டியோடுதான் போகவேண்டும் என்பது அவர் கட்சி. அந்த வேட்டி செயினில் மாட்டாமலிருக்க முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியாக வேண்டும். கட்டினால் கால் குளிரும். தைலம் தேய்த்துப் பார்த்தார். இரண்டு மைல் போவதற்குள் காற்று அதைத் தின்றுவிட்டது.

வழி கண்டுபிடித்தவள் மனைவி சாரதா. மகள் பூர்ணிமா பிளஸ் டூ படிக்கையில் போட்டிருந்த மெரூன் நிறக் கம்பளி சொட்டர் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதன் கைகள் இரண்டையும் வெட்டி, மேல் விளிம்பை மடித்துத் தைத்து, எலாஸ்டிக் கோத்துக் கொடுத்தாள். "பொம்பளப் புள்ள சட்டையையா நான் மாட்டிக்கினு போவேன்?" என்று அவர் அன்று மாலை முழுக்க முறைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடியலில் அதைத்தான் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். தொழிற்சாலை வாசல்வரை முழங்கால் முனகவே இல்லை.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். வழியில் மண்ணூரில், ரோட்டை ஒட்டியே சம்பந்தி நரசிம்மன் வீடு. ஆவணியில்தான் பூர்ணிமாவை அங்கே கட்டிக்கொடுத்திருந்தார். அவர் போகும் நேரத்துக்கு நரசிம்மன் மனைவி செங்கமலமும் பூர்ணிமாவும் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பெண்ணைக் கொடுத்தவன் கிழிந்த சொட்டர் கையைக் காலில் மாட்டிக்கொண்டு போகிறான் என்று அந்த வீட்டில் யாராவது வாய் கோணினால், தலைகுனிவு அவருக்கு மட்டுமா? அங்கே வாழ வேண்டியவள் பூர்ணிமா.

ஆகவே நாலு வீடு முன்னாலேயே இறங்குவார். வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சைக்கிளைத் தள்ளியபடி நடப்பார். மகள் நிமிர்ந்து பார்த்தால் ஒரு தலையசைப்பு. திருப்பம் தாண்டியதும் மறுபடி மடித்துக் கட்டி ஏறிவிடுவார்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராம் நாள் நரசிம்மனே ரோட்டில் நின்றிருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இவர் வந்ததும் வராததுமாக ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"தெனம் எங்க வூட்டாண்ட வந்ததும் எறங்கி நடக்கறீங்க. பாத்துக்கினுதான் இருக்கோம். நாங்க முறையா வந்து அழைக்காததாலதான் நீங்க உள்ள வரலன்னு எங்க வூட்டுக்காரி ராத்திரி ஒரே அழுகை. இன்னிக்கி ஒரு வாய் காப்பி சாப்ட்டுதான் போவணும்."

மறுப்பது மரியாதையில்லை. உள்ளே போய் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இடது காலில் எலாஸ்டிக் நழுவி, மெரூன் நிறம் வேட்டிக்குக் கீழே பாதத்தின் மேல் வந்து சுருண்டிருப்பது. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்ளலாமென்றால் முட்டி மடங்கவில்லை.

காப்பியோடு வந்த பூர்ணிமா அதைப் பார்த்தாள். ஒரு நொடி நின்றாள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா" என்று காலில் விழுந்தாள். எழும்போது அவள் விரல்கள் கம்பளியை மெதுவாக வேட்டிக்குள் ஏற்றிவிட்டன. யாரும் கவனிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நரசிம்மன் மனைவியிடம் சொன்னார், பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு இவ்வளவு மரியாதை காட்டுகிற மனுஷரை இந்தப் பக்கத்திலேயே தான் கண்டதில்லை என்று.

திருநாவுக்கரசு டம்ளரைக் கீழே வைத்தார். காலை மூடிவிட்டாள் மகள். பேசாமல் இருந்தால் போதும். ஆனால் தனக்குச் சேராத பெருமையை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. வேட்டியை ஒரு சாண் தூக்கிக் காட்டினார்.

"மரியாதைக்கு எறங்கல, சம்பந்தி. இத மறைக்கத்தான் எறங்கினேன். உங்க மருமக படிக்கையில போட்டிருந்த சொட்டர். குளிருக்கு."

பூர்ணிமா கதவைப் பிடித்துக்கொண்டாள். நரசிம்மன் குனிந்து கம்பளியைத் தொட்டுப் பார்த்தார். "முப்பது வருசம் தபால் சைக்கிள் மிதிச்சேன். பேப்பர கால்ல சுத்தி சணல் கயிறு கட்டிக்குவேன்."

"தெருக்கோடில வரும்போதே சரசரன்னு கேக்கும்," என்றாள் செங்கமலம். "எனக்கு ஒரு நாளாச்சும் இது தோணிச்சா பாரு. சம்பந்தியம்மா கைவேலையா அண்ணே?"

அவர் தலையசைத்தார்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவர்கள் மூவரும் பார்க்க, வாசலிலேயே வேட்டியை மடித்துக் கட்டினார். தினமும் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகவேண்டுமென்று செங்கமலம் சொன்னதற்கு மட்டும் அவர் இணங்கவில்லை. வேலைக்குப் போகிறவன் வழியில் உட்காரக்கூடாது என்றார். சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றி நின்றவர், மகளைப் பார்க்காமல் சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழம வரோம். சாரதாவையும் கூட்டிக்கினு, சாப்பாட்டுக்கே வரோம்."