மருத மரத்தில் மிச்சமிருந்த நாலு விரல் பட்டை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குள் நான் எழுத்தாளனாக நுழையவில்லை. ஒரு மஞ்சள் பையும் அதற்குள் ஒரு காய்கறிக் கத்தியுமாக, பட்டை உரிக்கத்தான் போனேன்.

எனக்கு பிரஷர் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது பக்கத்திலிருந்தவர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். ஐம்பது தாண்டிய ஒருவர் மருத மரத்தில் சாய்ந்து நின்று, “செத்துப் பொழச்சவன் நானு. இந்த மருதம்பட்ட கசாயந்தான் என்ன எழுப்பி உக்கார வச்சிது” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நெஞ்சுக்கு மருதம்பட்டை கொடுப்பது ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் பழைய வழக்கம் என்பது எனக்கும் தெரியும். மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஊர். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் பையோடு கிளம்புவீர்கள். உங்களை எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும்.

மரத்தடியில் ஓர் அம்மாள் சாணியும் செம்மண்ணும் குழைத்த வாளியோடு நின்று, பட்டை போன இடங்களில் அப்பிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார்.

“கத்திய இப்பிடிக் குடுத்துட்டு ஒக்காருங்க. அவரு வந்துக்கினு இருக்காரு. எல்லாத்தயும் சொல்லுவாரு.”

உட்கார்ந்தேன். கத்தி போனது, கதை வந்தது.

2

தொடக்கம், முதல் வரைவு: “கல்வராயன் மலையின் நீலம் கரைந்து வயல்களில் இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில்…”

வேண்டாம். மலை நீலமாகத்தான் இருந்தது. அது என்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, அதற்காக ஒரு வாக்கியம் எதற்கு.

இரண்டாம் வரைவு: “மருதம் என்பது ஐந்திணைகளுள்…”

இது இன்னும் மோசம். கடைசி பெஞ்சில் ஒருவர் கொட்டாவி விடுவது கேட்கிறது.

மூன்றாம் வரைவு: “பிலிப்பு பொய் சொன்னார்.”

இதை வைத்துக்கொள்ளலாம். வீடியோவில் நெஞ்சைத் தட்டியவர்தான் பிலிப்பு. வாளியோடு நின்ற அமலோற்பவம் அவர் மனைவி, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். மரம் அவர்கள் வயல் வரப்பில் நிற்கிறது. பிலிப்பு பதினெட்டு வருஷமாகக் காசியம்மாள் என்பவரின் டிராக்டரை ஓட்டுகிறார். போன வருஷம் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போய், டிராக்டர் வரிசையில் காத்திருந்தபோது இடது தோளில் ஒரு வலி பிடித்தது. பின்னால் நின்றிருந்த டிரைவர்கள் அவரை ஒரு காரில் போட்டு அனுப்ப, கடைசியில் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருதய ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார்.

ஊர் கேட்டது. “ஒரு வாரம் சும்மா படுக்க வச்சிப் பாத்துட்டு அனுப்பிட்டாங்க. அப்பறம் எல்லாம் நம்ம மருதம்பட்ட கசாயந்தான்” என்றார் பிலிப்பு.

3

இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. ஏன் அந்தப் பொய்? பெருமைக்கா, வெட்கத்துக்கா, பேசுகிற ருசிக்கா? மூன்றையும் எழுதிப் பார்த்து அடித்தேன். அமலோற்பவம்தான் சொன்னார்.

“நெஞ்சுக்குள்ள ஸ்பிரிங்கு வச்சிருக்குதுன்னு தெரிஞ்சா காசியம்மா சாவிய வாங்கிடும்னு பயம். வேற இன்னா.”

என் வரைவில் அமலோற்பவம் பொய்யே சொல்லாத பெண்ணாக இருந்தார். படித்துக் காட்டியபோது அவருக்குப் பிடிக்கவில்லை. “நானுந்தான் ஒத்துக்கினு இருந்தேன். அத்தயும் எழுதுங்க” என்றார். எழுதுகிறேன்: பிலிப்பு தினமும் போடவேண்டிய மாத்திரைகளை மஞ்சள்தூள் டப்பாவில் ஒளித்துவைத்தது அவர்தான். கஷாயமும் காய்ச்சினார். சேலத்து டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரையோடு சேர்த்து, காலையில் அரை டம்ளர். மாத்திரை வீட்டுக்குள்ளேயே இருந்தது, கஷாயம் மட்டும் ஊருக்குள் போனது.

அதை ஊருக்கு வெளியேயும் கொண்டுபோனவர் செல்போன் கடை ராசு. அவர் எடுத்த வீடியோவைப் பார்த்து ரிஷிவந்தியத்திலிருந்து வந்தார்கள், சின்னசேலத்திலிருந்து வந்தார்கள், விழுப்புரத்திலிருந்து ஒரு வேன் வந்தது. முதல் மாதம் இடுப்பு உயரத்துக்குப் பட்டை போனது. அடுத்த மாதம் தோள் உயரத்துக்கு. பிறகு ஏணி வந்தது.

(மரத்தைப் பற்றி ஒரே ஒரு பாடம், கோபிக்காதீர்கள். இலை தயாரிக்கும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஒரு பக்கம் உரித்தால் மரம் ஆற்றிக்கொள்ளும். சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து சாகும்.)

அமலோற்பவம் முள் கட்டினார். முள்ளை விலக்கி உரித்தார்கள். “இது மருதம் இல்லை, எட்டி மரம், விஷம்” என்று பலகை எழுதி மாட்டினார். அன்று மத்தியானம் ஒருவர் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, “எட்டி எதுக்கு நல்லதுங்க?” என்று கேட்டபடியே அரிவாளை எடுத்தார்.

கடைசியில் மேலிருந்து கீழ்வரை மிஞ்சியது நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அவ்வளவு பெரிய மரம் அந்த நாலு விரலில் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

4

மரத்துக்காக மட்டும் அமலோற்பவம் புருஷனைக் காட்டிக்கொடுத்திருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். தனசேகரன் வந்ததால்தான் கதை திரும்பியது.

தனசேகரன் பக்கத்து நிலத்துக்காரர். வயது நாற்பத்தாறு, கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர், பிலிப்பைக் கூடப்பிறந்த அண்ணனாகவே நினைப்பவர். ஒரு சனிக்கிழமை காலை பட்டைக்கு வந்தவரின் முகம் ஊதிச் சிவந்திருந்தது.

“தல சுத்துதுக்கா. ராத்திரி தூக்கம் கம்மி.”

“பிரஷர் மாத்திர போடறியா இல்லியா?”

“எட்டு நாளா வுட்டுட்டேன். அண்ணனே ஒண்ணும் போடாம கசாயத்துலயே நிக்கறாரு. எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு மாத்திர?”

“போடுடா. நான் சொல்றேன், போடு.”

“நீ சொல்லுவ. அண்ணன் சொல்லட்டும்.”

சனிக்கிழமையானாலும் அன்று பள்ளிக்கூடம் இருந்தது, அடுப்பில் அமலோற்பவத்துக்குக் கை ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் பிலிப்பிடம் சொன்னார்.

“அவன் ஒங்க பேச்சத்தான் கேப்பான். உண்மையச் சொல்லிடுங்க.”

“சொன்னா நாளைக்கே டிராக்டர் போயிடும்.”

“அவன் போயிட்டா?”

பிலிப்பு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

5

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மரத்தடியில் முப்பது பேர் கூடினார்கள். பிலிப்பு பிழைத்து ஒரு வருஷம் ஆனதற்கு இன்னொரு வீடியோ எடுப்பதாக ராசு ஏற்பாடு செய்திருந்தார். முன்வரிசையில் தனசேகரன், கையில் பையோடு.

பிலிப்பு வெள்ளைச் சட்டையில் மரத்தில் சாய்ந்து நின்று ஆரம்பித்தார். “ஒரு வருசம் ஆயிடுச்சி. இதுவரைக்கும் ஒரு மாத்திர, ஒரு ஊசி…”

கூட்டம் விலகியது. அமலோற்பவம் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் இன்னொரு கையில் மஞ்சள்தூள் டப்பாவுமாக வந்தார். டப்பாவைத் திறந்து மூன்று மாத்திரைகளை எடுத்துப் புருஷன் உள்ளங்கையில் வைத்தார்.

“காலைல போட மறந்துட்டீங்க.”

அவ்வளவுதான். (என் வரைவில் அவருக்கு அரைப் பக்கம் வசனம் வைத்திருந்தேன், கூட்டம் தலைகுனிந்தது என்றெல்லாம். “நான் அவ்ளோ பேசலீங்க” என்று அடிக்கச் சொன்னார். கூட்டமும் தலைகுனியவில்லையாம். என்ன மாத்திரை என்று எட்டித்தான் பார்த்ததாம்.)

பிலிப்பு மாத்திரைகளைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு தனசேகரனின் சிவந்த முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் மூன்றையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

ராசு மெதுவாகக் கேட்டார். “நிறுத்திடட்டுமாண்ணே?”

“வேணாம். ஓடட்டும்.”

சொன்னார். ஆலை வாசல், கார், சேலம், ஸ்டென்ட், ஒளித்துவைத்த டப்பா, எல்லாவற்றையும். “கசாயம் நல்லதுதான். ஆனா என்ன எழுப்பி உக்கார வச்சது அது மட்டும் இல்ல.”

தனசேகரன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “எட்டு நாளா நான் போடலியேண்ணே.”

“எழுந்திரு. வண்டில ஏறு.”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தார். சாயங்காலம்வரை படுக்கவைத்திருந்தார்கள். இறங்கிவிட்டது. தனசேகரன் இப்போது நன்றாக இருக்கிறார், உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். அவர் விஷயத்தில் கதை பண்ண எனக்கு மனம் வரவில்லை.

அன்று மாலையே காசியம்மாள் வந்தார். நின்றபடியே கேட்டார்.

“பதினெட்டு வருசம். எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா பிலிப்பு?”

“சொன்னா சாவிய வாங்கிடுவீங்கன்னுதாம்மா.”

“இப்ப மட்டும் வுட்டுடுவனா?” கையை நீட்டினார். பிலிப்பு ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். வாசல்வரை போன காசியம்மாள் திரும்பி, “டிராக்டர் ஓட்டலாம்னு டாக்டர் கைப்பட எழுதிக் குடுத்தா வந்து வாங்கிக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

6

மூன்று வாரம் பிலிப்பு மனைவியிடம் பேசவில்லை. வேலை இல்லாததால் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். உண்மையைச் சொன்ன வீடியோவை யாரும் பார்க்கவில்லை, பழைய வீடியோவைப் பார்த்துத்தான் இன்னமும் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவரை உட்காரவைத்து, பிலிப்பு தன் ஸ்டென்ட் கதையைச் சொன்னார். குழாயை மணிக்கட்டில் எந்த இடத்தில் விட்டார்கள், டாக்டர் என்ன நிறத்தில் தொப்பி போட்டிருந்தார், பக்கத்துக் கட்டில்காரருக்கு எந்த ஊர், அவர் மருமகன் எப்படிப்பட்டவர். என்னிடம் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். மருமகனைத் தாண்டி யாருடைய பொறுமையும் நீளவில்லை. கத்தியை மறந்து எழுந்து ஓடினார்கள். நாலு விரல் பட்டை அப்படியே நிற்கிறது. அதன் ஓரத்தில் புதுத்தோல் ஒரு நூல் அகலத்துக்குத் திரண்டிருப்பதாக அமலோற்பவம் தொட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

இனி முடிவு.

முடிவு அ: டாக்டர் எழுதிக்கொடுக்கிறார், சாவி திரும்புகிறது, மரம் துளிர்க்கிறது. இனிப்பு ஜாஸ்தி.

முடிவு ஆ: டாக்டர் மறுக்கிறார், மரம் காய்கிறது, அமலோற்பவம் அன்று டப்பாவைத் திறந்ததற்காக… இதற்குமேல் எழுத முடியவில்லை. எனக்கே பிரஷர் ஏறியது.

எனவே இன்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். நான் குடியிருப்பது சின்னசேலத்தில். டாக்டரைப் பார்க்க இருவரும் சேலம் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ் நின்றதும் ஜன்னலோரம் போனேன். பிலிப்பு ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, என்னைக்கூடக் கவனிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு, யாரையோ கேட்பதுபோல, மனைவியைப் பார்க்காமலே கேட்டார்.

“எழுதித் தரலன்னா இன்னா பண்றது?”

“நான் ஓட்றேன்.”

“கரும்பு லோடயா?”

“கத்துக்கினா வராதா? நீங்க பக்கத்துல ஒக்காந்து கத சொல்லிக்கினு வாங்க.”

பிலிப்பு சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல், ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அமலோற்பவம் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது, பிலிப்புக்கு இன்னும் புரியவில்லை.

கண்டக்டர் விசில் ஊதினார். பின் சீட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் ஏறவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் ஏறிக்கொள்ளுங்கள், டாக்டர் அறைக் கதவுவரை அவர்களோடு போகலாம். என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் போன் செய்து சொல்லிவிடாதீர்கள்.