நாலாயிரம் பிழைகள்

மருத்துவமனையின் அழைப்பு மணிகளுக்கு நான் எழுதிய புது புரோகிராமைத் தூக்கிவிட்டுப் பழையதையே போடச் சொன்னார் மேலாளர். நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் ஒரே காலையில் நாலாயிரம் 'பிழை'யாம். முடியாது என்றேன்.

பழையதன் லட்சணம் எனக்குத் தெரியும். நாற்பது படுக்கை, நாற்பது மணி, மணிக்கொன்றாய்ச் சேதி வர நாற்பது சாக்கெட். ஒவ்வொரு மணியும் நொடிக்கொருதரம் "இருக்கேன்" என்று சொல்லும். புரோகிராம் வரிசையாகப் போய்க் கேட்டுக்கொள்ளும். ஒன்று பேசாவிட்டால் அதன் வாசலிலேயே பழியாய்க் கிடக்கும். போன வாரம் பன்னிரண்டாம் மணியின் வயர் கழன்றுவிட்டது. ஏழாம் படுக்கைக்காரர் மூச்சு முட்டி இருபது நிமிடம் மணியை அமுக்கியிருக்கிறார். புரோகிராம் பன்னிரண்டிலேயே நின்றுவிட்டதால் நர்ஸ் பலகையில் விளக்கு எரியவில்லை. நர்ஸ் அக்கா தற்செயலாக எட்டிப் பார்த்தார், மனுஷன் பிழைத்தார்.

என்னுடையது யாருக்காகவும் நிற்காது. சேதி இல்லையென்றால் சிஸ்டம் "இப்போது இல்லை, அப்புறம் வா" என்று சொல்லிவிடும். அடுத்த மணிக்குப் போய்விடும். அந்தப் பதிலும், நிஜப் பிழையைப் போலவே, மைனஸ் ஒன்று என்றுதான் வரும். அவசரத்தில் அதையும் 'பிழை' என்று லாக்கில் எழுதவிட்டது என் தப்பு. அதற்காகப் பழைய சனியனைத் திரும்பக் கூப்பிடுவதா?

"கதை விடாதம்மா. பழசைப் போடு. இல்லன்னா நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

"போடறேன் சார். நீங்க வந்து ஏழாம் நம்பர்ல படுங்க."

சோதனை அறையில் ஒரு கட்டிலும் சுவர் நிறைய மணிகளும் உண்டு. நர்ஸ் அக்கா விளக்குப் பலகையின் முன்னால் கைகட்டி உட்கார்ந்தார். பழையதை ஓட்டி, பன்னிரண்டின் வயரைப் பிடுங்கினேன்.

மேலாளர் ஷூவோடு படுத்து அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மூன்றாவது நிமிடம் கட்டை விரல் சிவந்துவிட்டது.

"வேலைக்கே ஆகல. நான் எழுந்திரிக்கறேன்."

"அவரால எழுந்திரிக்க முடியல சார்."

அவர் அப்படியே படுத்திருந்தார். வயரைச் செருகாமலே புதியதை ஓட்டினேன். இந்த முறை அவர் அமுக்கி விரலை எடுக்கும் முன்னே ஏழு எரிந்தது. நர்ஸ் அக்கா பழக்கத்தில் எழுந்து கட்டிலருகே போயே விட்டார்.

மேலாளர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். 'பிழை' வரிவரியாகக் குவிந்துகொண்டிருந்தது.

"இவ்ளோ பிழை வருதேம்மா..."

"வரட்டும் சார். ஆள் பிழைக்கறாங்கல்ல?"