மூடிய கதவுக்கு வெளியே

சீனத் தலைநகர் சாங்ஆனில், அரண்மனை விருந்தில் வாசிப்பவர்கள் இரண்டு வகை. மண்டபத்துக்குள் கம்பளத்தில் உட்கார்ந்து வாசிப்பவர்கள் ஒரு வகை. கீழே கல் பாவிய முற்றத்தில் நின்றபடி வாசிப்பவர்கள் இன்னொரு வகை. நான் நிற்பவன். காங் தாசோங் என்று பெயர். முற்றத்தின் பெரிய முரசு என் கையில் இருந்தது.

மண்டபத்தில் வாசிக்க லாயக்கில்லாதவர்களை முற்றத்துக்குத் தள்ளுவது அங்கே வழக்கம். அதனால் மண்டபக்காரர்கள் எங்களைக் கடக்கும்போது, வழியில் கிடக்கும் வாளியைச் சுற்றிப் போவதுபோலப் போவார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நான் எங்கிருந்தும் விழுந்தவன் இல்லை. என் அப்பாவும் அதே முரசின் முன்னால் நின்றவர்தான்.

மீ ரூயுன் விழுந்து வந்தவள். பிபா என்ற நாலு நரம்பு வாத்தியம் வாசிப்பதில் மண்டபத்தில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை. இலையுதிர்கால விருந்து ஒன்றில், போதை ஏறிய அமைச்சர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மது ஊற்றச் சொல்லியிருக்கிறார். அவள் எழுந்திருக்கவே இல்லை.

"ஐயா, இந்தக் கை வாசிக்கிறதுக்கு வந்திருக்கு. ஊத்துறதுக்கு ஆளுங்க அந்தத் தூண்கிட்ட நிக்கிறாங்க" என்றாளாம்.

மண்டபமே சிரித்துவிட்டது. அதுதான் வினை. மறுநாள் காலை, இசைப் பொறுப்பாளர் பெய் அவள் வாசிப்பில் திடீரென்று ஏதோ குறை கண்டுபிடித்தார். அன்று மத்தியானமே அவள் பிபாவைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

எங்கள் போர் நடனக்காரர்களின் தலைவன் ஹூ தே. ஆள் எருமைக்கடா மாதிரி. வாயும் சும்மா இருக்காது. அவளைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, "மேல கம்பளம், இங்க வெறும் கல்லு. கால் வலிக்குமே தாயி?" என்றான்.

"வலிச்சா சொல்றேன். நீங்க மொதல்ல ஈட்டியை நேராப் பிடிங்க. பின்வரிசை பூரா உங்களைப் பார்த்துத்தான் கோணலா நிக்குது" என்றாள்.

பின்வரிசைக்காரர்களே அதற்கு அதிகம் சிரித்தார்கள்.

ஆனால் முற்றம் அவளுக்கு எளிதில் வசப்படவில்லை. மண்டபத்தில் ஒரு நரம்பை விரலால் வருடினாலே கடைசித் தூண்வரை கேட்கும். இங்கே காற்று பாதியைக் கொண்டுபோகும். மீதியை என் முரசு விழுங்கிவிடும். அவள் வாசிப்பது அவளுக்கே கேட்கவில்லை. வேறொருத்தியாக இருந்தால் முரசை மெதுவாக அடிக்கச் சொல்லியிருப்பாள். இவள் பல நாள் என் பக்கத்தில் நின்று வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள், "தாசோங் அண்ணே, அடிச்சு முடிச்சதும் ஒரு மூச்சு விடுறீங்களே, அந்த எடத்தை எனக்குக் குடுங்க" என்றாள்.

அந்த இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. கொடுத்தேன். நரம்பை மீட்டும் கனமான கட்டையை எடுத்து, நாலு நரம்பையும் சேர்த்து அந்த மூச்சுக்குள் அவள் அறைந்தபோது, ஆடிக்கொண்டிருந்தவர்களின் முதுகு தானாக நிமிர்ந்தது. இடி விழுந்தபின் மின்னல் வருவதுபோல, வரிசை மாறிய ஒரு புயல். அன்றைக்குப் பிறகு ஹூ தே அவளைத் 'தாயி' என்று கேலியாகக் கூப்பிடவில்லை, தங்கச்சி என்றான்.

புத்தாண்டு விருந்து வந்தது. வடக்குப் புல்வெளியிலிருந்து உய்குர் தூதர்கள் வந்திருந்தார்கள். மண்டபத்துக்குள் முழு ஆடுகள் வறுபட்டு வந்தன. மது வட்டம் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாட்டு, ஒரு நடனம். மண்டபக்காரர்கள் நன்றாகத்தான் வாசித்தார்கள், குறை சொல்ல மாட்டேன். எங்கள் போர் நடனம் கடைசி. அதற்கென்று முற்றத்தைப் பார்த்த பெரிய கதவுகளைத் திறந்துவைப்பார்கள்.

நாங்கள் அணிவகுத்து நின்றபோது பனி கொட்டத் தொடங்கியது. குளிர்காற்று நேரே மண்டபத்துக்குள் அடித்தது. பெய் வெளியே வந்தார், கைகளை அங்கியின் கைக்குள் நுழைத்துக்கொண்டு. கதவுகளை மூடப்போவதாகச் சொன்னார். நடனத்தை நிறுத்தினால் சடங்கு குறைபடும், அதனால் பாதி ஆடி முடித்துவிடுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கருணையாகத்தான் சொன்னார். எங்களில் பலருக்கு உள்ளுக்குள் நிம்மதி. எனக்கும்தான்.

கதவுகள் மூடின. ஹூ தே என்னைப் பார்த்தான். நான் ரூயுனைப் பார்த்தேன்.

"மேல இருந்தப்போ, கேக்கிறவங்க யாருன்னு பார்த்து வாசிக்கிறவங்களை நெறையப் பார்த்திருக்கேன். அந்த நோய் இங்க இல்லைன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் முதல் வரிசை முழுவதும் அது கேட்டது. ஹூ தே பனியைத் துப்பிவிட்டு, "முழுசா ஆடுறோம். எவனாவது ஒரு அடி விட்டான், நாளைக்கு எங்கிட்ட வரணும்" என்றான்.

நான் முரசில் கோலை இறக்கினேன்.

அதுபோல நாங்கள் ஆடியதும் இல்லை, வாசித்ததும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளிக் கவசத்தில், கேடயமும் ஈட்டியுமாக, வட்டமாக விரிந்தும் சதுரமாகச் சுருங்கியும் நகர்ந்தார்கள். பனியில் அவர்கள் காலடி போட்ட கோலம் தெரிந்தது. குழல்காரர்கள் விறைத்த விரலை வாயில் வைத்து ஊதிவிட்டு மறுபடி துளைகளில் வைத்தார்கள். பாதி தாண்டியதும் என் முரசு காலை வாரியது. ஈரம் குடித்த தோல் தொய்ந்து, அடித்தால் நனைந்த கம்பளியைத் தட்டுவதுபோல் சத்தம். நான் எவ்வளவு ஓங்கி அடித்தும் பலனில்லை. வியர்த்துவிட்டது எனக்கு, அந்தப் பனியில்.

ஹூ தேயின் காது அதைப் பிடித்துவிட்டது. ஆட்டத்தை விடாமலே ஈட்டியின் அடிக்கட்டையைக் கல்லில் ஊன்றி இடித்தான். அடுத்த அடியில் அவன் வரிசை இடித்தது, அதற்கடுத்ததில் எல்லோரும். அந்த இடிகளுக்கு நடுவே ரூயுன் பிபாவை அறைந்து தாளத்தைத் தூக்கி நிறுத்தினாள். அதுவரை என் மூச்சுக்குள் அவள் வாசித்தாள். இப்போது அவள் விட்ட மூச்சுக்குள் நான் அடித்தேன். முற்றத்துக் கல் காலுக்கடியில் அதிர்ந்தது.

உள்ளே நடந்ததை, அங்கே விருந்து பரிமாறிய ஒருவர் பின்னால் சொன்னார். கிண்ணங்களில் மது வளையம் வளையமாகச் சிலிர்த்ததாம். மூத்த தூதர், வாய்க்குக் கொண்டுபோன ஆட்டுத்தொடையைத் தட்டில் வைத்துவிட்டு, குதிரைப்படை வருகிறதா என்று கேட்டாராம். முற்றத்து ஆட்கள்தான், ஒன்றுமில்லை என்று பெய் சொன்னாராம். "ஒன்றுமில்லாததை நான் பார்க்கணுமே" என்று தூதர் எழுந்துபோய், தன் கையாலேயே கதவைத் தள்ளினார்.

கதவு திறந்தது எங்களுக்குத் தெரிந்தது. வெளிச்சமும் கறி வாசனையும் வந்தன. ஆனால் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அதை இன்றைக்கும் நினைத்தால் என் நெஞ்சு விரிகிறது. சக்கரவர்த்தியும் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் நின்றால் மற்றவர்கள் உட்கார முடியுமா? அமைச்சர்கள், விருந்தாளிகள், மண்டபத்து வாத்தியக்காரர்கள் என எல்லோரும் நின்றபடி கடைசி அடிவரை பார்த்தார்கள். மது ஊற்றச் சொன்ன அந்த அமைச்சரும் கிண்ணத்தோடு நின்றார்.

முடிந்ததும் தூதர் படியிறங்கி, பனியில் எங்கள் வரிசைக்கு நடுவே நடந்து வந்தார். ஹூ தேயின் கவசத்தில் கை வைத்துப் பார்த்தார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "பனி விழுந்தா நாங்க மட்டும்தான் வெளியில நிப்போம்னு நெனச்சிருந்தேன்."

கதவு மூடியபின்னும் முழுதும் ஆடச் சொன்னது யார் என்று சக்கரவர்த்தி கேட்டனுப்பினார். ஹூ தே தொண்டையைச் செருமிக்கொண்டு, "முற்றத்துல நிக்கிற எல்லாரும்தான்" என்றான். ரூயுன் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

எல்லோருக்கும் பட்டு கிடைத்தது. மறுநாள் பெய் வந்து, மண்டபத்தில் அவளுடைய பழைய இடம் காத்திருக்கிறது என்றார். அவள் போகவில்லை. அதற்குப் பதில் ஒன்று கேட்டாள்: விருந்து நாளில் முற்றத்துக்காரர்களுக்கு, ஆட்டம் தொடங்குமுன், மண்டபத்துக்குப் போகும் அதே அடுப்பிலிருந்து சூடான சாப்பாடு வரவேண்டும். அதுவரை விருந்து முடிந்தபின் ஆறிப்போன மிச்சம்தான் எங்களுக்கு. பெய் கொஞ்சம் முனகினார். ஆனாலும் ஏற்பாடு செய்தார்.

இரண்டு குளிர்காலம் எங்களோடு வாசித்தாள். அப்புறம் குளிரில் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின, மேலே மண்டபத்துக்கே போனாள். நாங்களேதான் போகச் சொன்னோம். மண்டபக்காரர்கள் அதன்பிறகு எங்களைச் சுற்றிப் போவதில்லை. நின்று பேசிவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் புத்தாண்டுக்கு அடுத்து வந்த விருந்தன்று, அவள் கேட்டபடியே, சமையல்காரர்கள் ஆட்டுச் சூப்பும் எள் தூவிய ரொட்டியுமாகப் படியிறங்கி வந்தார்கள். ஹூ தே முதல் கிண்ணத்தை வாங்கி, ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றான். இன்னொரு கிண்ணம் கேட்டான்.