கீழ்வெட்டு

முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு. அப்புறந்தான் மேல்பக்கம். மேலிருந்து தொடங்கினால் கிளை பாதியில் ஒடிந்து, பட்டையை உரித்துக்கொண்டு தண்டுவரைக்கும் கிழித்துவிடும்.

செத்துக் கிடந்த புருசனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டும்போது பாவாயி நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. திறந்த கதவு வழியாகக் கண் பலாமரத்துக்கே போனது. தன்னை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

மலைக்காய்ச்சல். செம்மேட்டிலிருந்து வாங்கி வந்த கொயினா மாத்திரை உள்ளே தங்கவே இல்லை. எடப்புளி நாட்டு மலையூர்களில் எந்த வீட்டோரத்து மரம் கூரையில் சாய்ந்தாலும் கிளை கழிக்க அவள் புருசன் வேலப்பனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது அடித்த காற்றில், சொந்த வீட்டுப் பலாவின் பெரிய கிளை கவட்டில் விரிசல் விட்டு வாசலுக்கு மேலே தொங்க ஆரம்பித்தது. "எந்திரிச்சதும் மொத வேல அதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். விடியற்காலையில் மூச்சு நின்றுவிட்டது.

இப்போது பிணத்தை வாசலில் கிடத்த வேண்டும். தாய்மாமன் வீட்டார் வந்து கோடித்துணி போட்ட பிறகுதான் குழிக்கு எடுக்கலாம். அந்தக் கிளைக்கு அடியில் கிடத்த யாருக்கும் துணிச்சல் இல்லை.

"மரத்த அடியோட சாச்சுப்புடலாம்" என்றார் வேலப்பனின் அண்ணன் அர்த்தனாரி. இரண்டு பேர் கோடாரியோடு வந்து நின்றுவிட்டார்கள்.

பாவாயி எழுந்து வெளியே வந்தாள். "கெளைய மட்டும் எடுத்தாப் போதுமுங்களே மாமா."

"ஆரு ஏறுவா? ஏறுறவன் உள்ளார கெடக்கறான்."

அந்த மரத்துப் பழமும் அதைப் பிடித்துப் படர்ந்த மிளகுக் கொடியும்தான் இனி அவளுக்குச் சோறு. ஆனால் அண்ணாந்து பார்த்தபோது அவள் நெஞ்சுக்குள் எழும்பியது சோற்றுக் கவலை இல்லை. ஏதோ துள்ளியது. சாவு வீட்டில் துள்ளக்கூடாத ஒன்று.

கூரை இறவாணத்தில் செருகியிருந்த கொடுவாளை உருவினாள். கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டினாள். சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டியதைப் பார்த்ததும் அர்த்தனாரியின் பெண்சாதி கண்ணாயி ஓடி வந்தாள்.

"அடியே, பித்துப் புடிச்சுப்போச்சா உனக்கு? ஊட்டுல பொணம் கெடக்குது, நீ கொரங்காட்டம் மரமேறப் போறியா!"

"கொரங்குக்கு ஆரும் கயிறு புடிக்க வேண்டாங்க்கா. எனக்கு ஒருத்தரு வேணும்."

"பொம்பள ஏறுனா மரம் பட்டுப்போகும், தெரியுமா அம்மணி?" என்றார் அர்த்தனாரி.

"நீங்க வெட்டப்போற மரந்தானுங்களே மாமா. பட்டா என்ன?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கிக்கொண்டார்கள். அதற்குள் அவள் ஏறியிருந்தாள்.

இத்தனை வருடமும் அவள் இடம் கீழே. வேலப்பன் கிளையைக் கயிற்றால் கட்டி, கயிற்றை மேல் கவட்டில் போட்டுக் கீழே விடுவான். அதைப் பக்கத்து மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அவள் பிடித்திருப்பாள். அவன் வெட்ட, இவள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவாள். மேலே அவன் கால் மாற்றி நிற்பதுகூடக் கயிற்றின் இழுப்பில் தெரிந்துவிடும். துரை பங்களாவின் மேல் கவிந்திருந்த மரத்தைக்கூட ஓர் ஓடு நகராமல் இருவருமாகக் கழித்திருக்கிறார்கள். நானும் ஏறட்டுமா என்று அவள் கேட்டதில்லை. கேட்க ஆசை இருந்ததா என்று யோசித்ததும் இல்லை. இருந்திருக்கிறது. உள்ளங்காலில் பட்டை உரச உரச அது தெரிந்தது. மூச்சு வாங்கியது, ஆனாலும் இறங்கத் தோன்றவில்லை. தன் வீட்டுக் கூரையின் முதுகை முதல்முறையாகப் பார்த்தாள். புல் எவ்வளவு நேர்த்தியாக வேய்ந்திருக்கிறது!

கிளையைக் கட்டிக் கயிற்று முனையைக் கீழே போட்டாள். யாரும் தொடவில்லை.

"மாமா, அந்த மாமரத்துல ஒரு சுத்துச் சுத்திப் புடிங்க. இல்லீன்னா கெள ஊட்டு மேலதான் எறங்கும். உள்ள உங்க தம்பி கெடக்கறாரு."

அர்த்தனாரி சுற்றிலும் பார்த்தார். பிறகு கயிற்றை எடுத்தார்.

அடியிலிருந்து வெட்டினாள். பலாப்பால் மணிக்கட்டில் வழிந்தது. பிறகு மேலே, கொஞ்சம் தள்ளி. ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் அதிர, அவளும் அதிர்ந்தாள். கிளை முனகியது.

"உடுங்க மாமா... உடுங்க... புடி!"

'புடி' என்றது வேலப்பன் போடும் அதே சத்தம். மூத்தாரை ஒருமையில் ஏவிவிட்டோமே என்று நாக்கைக் கடிக்க நேரமில்லை. அர்த்தனாரி இறுக்கிப் பிடித்தார். கிளை சுழன்று, கூரைப் புல்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தது. ஒரு பிஞ்சுகூட உதிரவில்லை.

"அடி ஆத்தே!" என்று கத்திவிட்டுக் கண்ணாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாவாயிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. பார்த்தாயா என்று வேலப்பனைக் கேட்பது போல, தான் எப்போதும் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தாள். அங்கே அண்ணாந்து நின்றது அர்த்தனாரி. அவள் முகத்தைத் தண்டில் வைத்து அழுத்திக்கொண்டாள். கீழே யாரும் கூப்பிடவில்லை.

இறங்கி வந்தபோது கிளையை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். வேலப்பனை வாசலில் கிடத்தியிருந்தார்கள். கோடாரிக்காரர்கள் குழி தோண்டப் போய்விட்டார்கள். மாமரத்தடியில் உட்கார்ந்து, சிவந்துபோன உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்த அர்த்தனாரி, "மரம் இருக்கட்டும்" என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளிடம் வந்து நின்றார்.

"கொடுவாளக் குடு அம்மணி. அவனோட குழியில வெக்கோணும். அப்பனுக்கும் அப்புடித்தான் அவரு தொட்ட ஆயுதத்த வெச்சு மூடுனோம்."

பாவாயி அடுப்புச் சாம்பலோடு மரத்தடியில் குந்தியிருந்தாள். மேலே வெட்டுவாய் வெளுப்பாகத் தெரிந்தது. இன்னும் வழவழப்பாகச் சீவி, சாணியும் செம்மண்ணும் அப்ப வேண்டும்.

"இல்லீங்க மாமா" என்றாள்.

அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் சாம்பலைத் தொட்டு, கொடுவாளில் ஒட்டியிருந்த பலாப்பாலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.