கொண்டி சரியில்லாத கதவு

...கேரட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, அது பாவம் தன் வேலையைச் செய்தது, நாளுக்கு மூன்று வீதம் எட்டு மாதம், ஒற்றை அறையில் ஒற்றைத் தட்டில், முயல்கூட இவனைக் கண்டால் பங்காளி என்று சண்டைக்கு வரும், குடல்தான் வாங்கிக்கொள்ளவில்லை, ஆபரேஷனில் பாதி போனபின் மிச்சக் குடல் வருவதையெல்லாம் வாசல்வரை வந்து வழியனுப்பி வைக்கிறது... நீங்க சாப்பிடறதுல குறையில்ல, உடம்பு எடுத்துக்க மாட்டேங்குது, வைட்டமின் ஏ-வ ஊசியாத்தான் போடணும், தள்ளிப்போட்டா கண்ணு போயிடும் என்றார் டாக்டர், ஊசிக்கு லீவு வேண்டும், லீவுக்குக் காரணம் வேண்டும், தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவன் இருட்டில் கண் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் மேனேஜர் சிரிப்பாரா, வீட்டுக்கு அனுப்புவாரா, சிரித்துக்கொண்டே அனுப்புவாரா?

மேட்னி தொடங்கிவிட்டது, தாமதமாக வந்த பெரியவர் முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்குகிறார், டார்ச் வட்டம் அவர் செருப்புக்குச் சொந்தம், இவன் காலுக்கு மனப்பாடம்தான் வழி, ஒன்று, இரண்டு, மூன்றாவது படியில் கேன்டீன் கதவிடுக்கிலிருந்து ஒரு கோடு வெளிச்சம் விழும், அங்கே இடப்பக்கம் திரும்பவேண்டும்... வெளிச்சம் விழவில்லை. கால் அந்தரத்தில் நிற்கிறது. யாருடைய தோளையோ பிடித்துவிட்டான், தோள் திட்டுகிறது. "என்ன தம்பி, நீயே வழி தேடறியா? குடு இப்படி!" பெரியவர் டார்ச்சைப் பிடுங்கி, தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து உட்கார்ந்து, இவன் கையில் திருப்பி வைத்தார், பரிசு கொடுப்பதுபோல.

சுவரைத் தடவித் தடவிக் கதவுக்கு வந்தான். கேன்டீன் அக்கா இன்று லீவு, அவளுக்குப் பதிலாக வந்த ஆள் கதவைச் சாத்தியிருக்கிறான், எப்படிச் சாத்தினான், இந்தக் கதவைச் சாத்தவே முடியாதே? இரண்டு தடவை இவனே சண்டை போட்டிருக்கிறான், அக்கா, வெளிச்சம் விழுதுன்னு ஜனங்க திட்றாங்க, மூடேன். "கொண்டி சரியில்ல டார்ச்சு, நீ வேணா வந்து கேரட்ட சொருகி வை!" சிரித்தாள், இவனும் சிரித்தான். இப்போது கொண்டியை நீக்குகிறான், போடுகிறான், மறுபடி நீக்குகிறான், வெண்ணெயாகப் போய் விழுகிறது. அப்படியானால்... இவனுக்கு இருட்டில் கண் தெரியாதது அக்காவுக்கு எப்போதிலிருந்து தெரியும்? யாரிடமும் சொல்லவில்லையா? எட்டு மாதமும் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது, அந்த எட்டு மாதமும் இவன் தனியாகவே இருந்திருக்கிறான். கதவைக் கொஞ்சம் திறந்தான். எவ்வளவு திறந்து வைப்பாள், இரண்டு விரலா, மூன்றா... ஒரு நாளாவது இவன் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்திருந்தால்தானே தெரியும்.