ஏற்றம் பார்க்க வந்த கார்

புருஷனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்துபோயிருந்தது. அழகம்மா அதை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் கூச்சல் கேட்டது.

"தள்ளுங்கடா, தள்ளு! இஞ்சின் நின்னுபோச்சு!"

எட்டிப் பார்த்தாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறிவரும் பாதையில் ஒரு வெள்ளைக் கார். தப்பு அடிக்க வந்தவர்கள்கூடத் தப்பைக் கீழே வைத்துவிட்டு அதன் பின்னால் கைகொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி, "வேணாங்க, இது கரண்ட் கார்! சத்தம் வராது!" என்று கத்தியது ஒப்பாரியில் யாருக்கும் கேட்கவில்லை.

இந்தத் தோட்டத்தில் சத்தமில்லாத வண்டியைக் கண்டால் தள்ளிவிடுவதுதான் வழக்கம். அப்படிப் பழக்கிவிட்ட அவள் புருஷன் உள்ளே படுத்திருந்தார். சின்னராசாவின் வேனைத் தள்ளாத கை அந்த லயத்தில் கிடையாது. பெற்றோல் மிச்சம் என்று இறக்கத்திலெல்லாம் இஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டி வருவார். கீழே வந்ததும் வேன் சண்டித்தனம் பண்ணும். ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளியையே இறங்கித் தள்ளவைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதையில்லை, உண்மை. அந்த நோயாளி அழகம்மாதான்.

காரிலிருந்து இறங்கியவர் ரிஸ்வி, ஹட்டனில் பழைய வாகனம் வாங்கி விற்பவர். வழியில் சாவுக்குக் கட்டிய வெள்ளைக்கொடிகளைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்திருக்கிறார். வாசலில் சின்னராசாவின் வேனைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே வந்து இன்னாலில்லாஹி என்று முணுமுணுத்தபடி நின்றார்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்குக் கார கொண்டாங்க, எங்க லயத்து ஏத்தத்துல ஏறுதான்னு பாத்துட்டுத்தான் கையெழுத்துன்னாரு. போன் எடுத்துப் பாத்தேன், பேசல."

"ஏறிருச்சே," என்றாள் அழகம்மா, தன்னை அறியாமல்.

"தள்ளாமயே ஏறியிருக்கும் அக்கா."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த அழகம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. அவர் இருந்திருந்தால் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்திருப்பார்.

ஒரு மாதமாக வீட்டில் இந்தக் கார் வாங்கும் பேச்சுதான். பேங்க் கடனா, லீசிங்கா, ரொக்கமா? பேங்க் முதல் நாளே கழன்றுகொண்டது. காணி உறுதி இருந்தால் கொண்டுவாங்க என்றார்கள். பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கிற லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதி? மிச்சம் இரண்டு. அவர் லீசிங் என்றார். அவள் ரொக்கம் என்றாள். ரொக்கம் என்றால் வேனை விற்கிற காசும், அவள் வேலையிலிருந்து நின்றபோது வந்த ஈபிஎப் காசும்.

"அட்டக்கடி பட்டுக் கொழுந்தெடுத்துச் சேத்த காசு புள்ள அது. அதத் தொட மாட்டேன்."

"அப்ப மாசாமாசம் லீசிங் கட்டணுமே? முத்துலிங்கம் அண்ணன்கிட்ட கை நீட்டுவீங்களா?"

இந்தக் கேள்வி வந்தால் அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே போய்விடுவார்.

முத்துலிங்கம் மேல் லயத்துக்காரர். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு முறை இரத்தம் சுத்தம் செய்ய டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கூட்டிப்போய்க் காத்திருந்து கூட்டிவருவது சின்னராசா. கூலி என்று முத்துலிங்கம் நீட்டினால், "நான் எப்புடியும் அந்தப் பக்கம் போறேன்ல" என்பார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.

முந்தாநாளும் முத்துலிங்கத்தை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகையில்தான் சின்னராசாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஓரமாக நின்ற வேனைக் கண்டு ஓடியவர்கள் வந்து சொன்னார்கள். பின் சக்கரத்துக்குக் கல் வைத்திருந்ததாம். அவர் தேயிலைச் செடியோரம் சாய்ந்திருந்தாராம். ஹேண்ட்பிரேக் பிடிக்காத வேன் அது. கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்துவரும் பாதை. உயிர் போகிற வலியில் இறங்கிக் கல் தேடியிருக்கிறார் மனுஷன். அதை நினைக்கும்போது அழகம்மாவுக்கு அழுகைக்கு முன்னால் பெருமைதான் வந்தது. இப்படிப்பட்ட ஆளோடு குடித்தனம் பண்ணியிருக்கிறோமே என்று இருந்தது.

ரிஸ்வி போகாமல் தயங்கி நின்றார்.

"லீசிங் பேப்பரக் கிழிச்சிருவோம் அக்கா. கார நான் கொண்டுபோறேன், ஒண்ணும் யோசிக்காதீங்க. எத்தனையோ பேருக்கு வாகனம் வித்திருக்கேன். எல்லாரும் எவ்வளவு தூரம் ஓடும்னு கேப்பாங்க. அண்ணன் ஒருத்தர்தான், பின் சீட்ல ஒரு ஆளு படுக்க முடியுமான்னு கேட்டாரு."

அழகம்மா மகளைப் பார்த்தாள். தனுஷிகா, கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். லைசன்ஸ் இருக்கிறது. அவசரத்துக்கு அப்பாவின் வேனை எடுத்து ஓட்டியும் இருக்கிறாள்.

"கார விட வேணாம்மா, நான் ஓட்டுறேன்," என்று அம்மாவின் காதோரம் சொன்னாள். "ஆனா லீசிங்லயே எடுப்போம். அப்பாவும் இல்லாத நேரத்துல ஒன் கையில காசு இருக்கணும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நேரமானதும் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் பாதை வளைகிற முடக்கு வரைக்கும்தான் போகலாம். அவள் அங்கே நின்று, தப்புச் சத்தம் தேயிலைக்குள் இறங்கித் தேய்ந்து மறையும்வரை பார்த்தாள். பிறகு மற்றப் பெண்களோடு திரும்பினாள்.

வாசற்படியில் முத்துலிங்கம் உட்கார்ந்திருந்தார். மயானம்வரை நடக்க அவருக்குத் தெம்பில்லை. ரிஸ்வி காரோரம் நின்றார்.

"நாளைக்குத்தானே அண்ணே ஒங்களுக்கு ஆஸ்பத்திரி?" என்று அழகம்மா முத்துலிங்கத்திடம் கேட்டாள்.

"பஸ்ஸுல போய்க்குவேன் தங்கச்சி."

"பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போவீங்களா?"

முத்துலிங்கம் வீங்கிய கால்களைச் சாரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

அழகம்மா ரிஸ்வியிடம் போனாள்.

"தம்பி, லீசிங் வேணாம். ரொக்கம். கார் புக்குல லீசிங் கம்பெனி பேரு ஏறக் கூடாது, எம் மக பேரு மட்டும் இருக்கணும். குடியிருக்க காம்பராதான் நம்ம பேர்ல இல்ல."

"அம்மா, ஒன் காசு..."

"என் காசுதான். அந்த மனுசன் தொட மாட்டேன்னாரு, கடைசி வரைக்கும் தொடல. இப்ப நான் தொடுறேன். கடனக் கட்டணும்னு வந்துட்டா நீயே ஒரு நாள் இந்த அண்ணன்கிட்ட கூலி கேப்ப."

"காரியமெல்லாம் முடியட்டும் அக்கா, ஆறுதலா எழுதிக்குவோம்," என்று சொல்லி ரிஸ்வி சாவியைத் தனுஷிகாவிடம் நீட்டினார். "கார் இங்கயே நிக்கட்டும். நான் பஸ்ஸுல போறேன்."

அழகம்மா வேனுக்குப் போய் முன்பக்கத் தட்டைத் திறந்தாள். புதுக் காருக்கென்று போன வெள்ளிக்கிழமையே அவர் வாங்கிப் போட்டிருந்த நான்கு எலுமிச்சம்பழங்கள் தோல் சுருங்கிக் கிடந்தன. அவற்றை அள்ளி வந்து காரின் பக்கத்தில் குந்தினாள்.

பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு பதறிப்போனாள். "ஏய் அழகு, நீ வைக்கக் கூடாதுடி! அதுவும் இன்னைக்கு!"

"அவரு வாங்கினது, அக்கா."

நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்றாக வைத்தாள். தனுஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முத்துலிங்கம் படியிலிருந்து மெல்ல எழுந்து வந்து, பழக்கதோஷத்தில் காரின் பின்னால் இரண்டு கைகளையும் வைத்தார். தேவையில்லை என்று சொல்ல ரிஸ்வி வாயெடுத்தார்.

அழகம்மா போய் அவர் பக்கத்தில் தன் கைகளையும் வைத்தாள். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்குவது மட்டும் கேட்டது.